துலாகியில் கரையேறிய கப்பல்

செவ்வாய், ஹொனியாரா

சாலமன் தீவுகளுக்கு வருகிற வெளியூர்க்காரர்களில் பாதிப்பேர் கடலுக்கு அடியில் கிடக்கும் கப்பல்களைப் பார்க்க வருகிறார்கள். நான் வந்திருப்பது கரைக்கு இழுத்து ஏற்றப்பட்டு, அடிவயிறு தெரிய நின்றுகொண்டு, சுரண்டப்பட்டும் வெட்டி ஒட்டப்பட்டும் மறுபடி கடலுக்குப் போகிற கப்பல்களைப் பார்க்க. துலாகித் தீவில் சசாபே என்ற இடத்தில் அப்படி ஒரு பழுதுபார்க்கும் தளம் இருக்கிறது, இன்றும் வேலை நடக்கிறது, கேட்டுக்கொண்டால் உள்ளே விடுவார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்தே போகவேண்டும் என்று இருந்தது.

பிரிஸ்பேனிலிருந்து ஹொனியாராவுக்கு விமானத்தில் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். இறங்குகிற ஓடுதளமே வரலாறுதான், 1942ல் ஜப்பானியர் கட்டத் தொடங்கி அமெரிக்கர் கைப்பற்றி, மாதக்கணக்கில் இருதரப்பும் அடித்துக்கொண்ட அதே ஹெண்டர்சன் களம். ஊரைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. மதியம் முழுக்க பாயிண்ட் குரூஸ் துறையில்தான் நின்றேன். அரிசி மூட்டை, மண்ணெண்ணெய் பீப்பாய், சுருட்டிய பாய், காலைக் கட்டிய கோழி, தகரக் கூரைத் தகடு, இவற்றுக்கு நடுவே குழந்தைகளைப் பிடித்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக ஆட்கள், எல்லோரும் மலைட்டாவுக்கும் இசபெல்லுக்கும் மேற்கு மாகாணத்துக்கும் போகிற கப்பல்களில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

900க்கும் மேற்பட்ட தீவுகள், 2019 கணக்கெடுப்பின்படி 7 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்குப் பேருந்து போகாது, விமான டிக்கெட் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. ஆக இந்த நாட்டின் சாலை என்பது கப்பல்தான். ஒரு கப்பல் இரண்டு மாதம் ஓடாமல் நின்றால் எங்கோ ஒரு தீவில் கடையில் அரிசி தீர்ந்திருக்கும், இன்னொரு தீவில் காய்ந்த கொப்பரை ஏற்றுமதிக்குப் போகாமல் கொட்டகையிலேயே கிடக்கும். துறையில் நின்ற கப்பல்களின் பக்கங்களில் துரு ஒழுகிக் கோடு கோடாக இறங்கியிருப்பதைப் பார்த்தபோது, இதையெல்லாம் யார் பார்த்துச் சரி செய்கிறார்கள் என்கிற கேள்வி எந்தப் பயண வழிகாட்டியிலும் முதல் பக்கத்தில் வரவேண்டியது என்று பட்டது.

புதன், துலாகி

காலையிலேயே கிளம்புவது நல்லது. தென்கிழக்குக் காற்றுக் காலத்தில் மதியத்துக்கு மேல் அலை முறுக்கிக்கொள்ளும், திறந்த ஃபைபர் படகில் முதுகெலும்பு வரைக்கும் தெரியும். பின்னால் மோட்டார் மாட்டிய நீளமான படகு, கூரை கிடையாது, பையை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கட்டிவிடச் சொன்னார்கள். கடல் தகடு மாதிரி கிடந்ததால் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தோம்.

ஹொனியாரா இருக்கும் குவாடல்கனாலுக்கும் துலாகி அடங்கிய இங்கேலா தீவுக்கூட்டத்துக்கும் இடையில் இருக்கிற இந்தக் கடல்பரப்பில் மூழ்கிய போர்க்கப்பல்கள் அவ்வளவு. அதனாலேயே அயர்ன்பாட்டம் சவுண்ட், அதாவது அடியில் இரும்பு கிடக்கும் கடல், என்று பெயர் நின்றுவிட்டது. இடப்பக்கம் சவோ தீவு கூம்பாக எழுந்து நிற்கிறது, அது இன்னும் அணைந்துபோகாத எரிமலை.

துலாகி சின்ன தீவு. நீளவாக்கில் ஒரு மலைமுதுகு, அதைச் சுற்றிக் கரையோரமாக ஒரு மண்சாலை, ஓரிடத்தில் மலையையே வெட்டி வழி விட்டிருக்கிறார்கள். ஆங்கிலேயர் இந்தத் தீவுகளைத் தங்கள் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டபோது முதல் ஆட்சியாளராக வந்த சார்லஸ் உட்ஃபோர்ட் 1896ல் இதைத் தலைநகராகத் தேர்ந்தெடுத்தார். 1942 மே மாதம் ஜப்பானியர் வந்து இறங்கும் வரை ஆட்சி இங்கிருந்துதான் நடந்தது. மலைமேல் அதிகாரி மாளிகை, கீழே சீனர் கடைத்தெரு, கிரிக்கெட் மைதானம் எல்லாம் இருந்த ஊர். போரில் எல்லாம் தரைமட்டம். போர் முடிந்ததும் அமெரிக்கர் விட்டுப்போன கொட்டகைகளும் சாலைகளும் எதிர்க்கரையில் தயாராக இருந்ததால் தலைநகரம் ஹொனியாராவுக்குப் போய்விட்டது. இப்போது துலாகி மத்திய மாகாணத்தின் தலைமையிடம், ஒரு மருத்துவமனை, ஒரு சந்தை, சில விடுதிகள், அவ்வளவுதான். 1973ல் ஜப்பானியக் கூட்டு முயற்சியாக இங்கே ஒரு சூரைமீன் டப்பா ஆலையும் வந்தது, அந்தத் தொழில் அப்புறம் மேற்கே நோரோவுக்கு மாறிவிட்டது. தலைநகரமும் போய், ஆலையும் போய், இந்த ஊரில் நின்றது கப்பல் வேலை.

சாயங்காலம் சசாபேக்கு நடந்தேன். கடற்கரையை ஒட்டியே நடை, வலப்பக்கம் மாங்குரோவ், இடப்பக்கம் வீடுகள், எதிரே வருகிறவர் ஒவ்வொருவரும் ‘ஹலோ’ சொல்கிறார்கள். நேராக உள்ளே நுழைந்துவிடக் கூடாது, முதலில் அலுவலகத்தில் கேட்க வேண்டும். கேட்டேன். எங்கிருந்து வருகிறேன், எதற்கு என்று விசாரித்தார்கள், கப்பல் இழுப்பதைப் பார்க்க வேண்டும் என்றதும் மேற்பார்வையாளர் முகம் மலர்ந்துவிட்டது. “நாளைக் காலை ஒன்று ஏறுகிறது. மூடிய காலணி போட்டுக்கொண்டு வாருங்கள். வடம் ஓடும்போது பக்கத்தில் நிற்கக் கூடாது.” இவ்வளவுதான் நிபந்தனை.

வியாழன்

இந்த ஒரு நாளுக்காகவே வரலாம்.

சிலிப்வே என்பது பார்வைக்கு ரொம்ப எளிமையான ஏற்பாடு. கரையிலிருந்து சரிவாகக் கடலுக்குள் இறங்கி மறைந்துபோகும் கனத்த தண்டவாளங்கள், அவற்றின் மேல் உருளும் ஒரு நீளமான இரும்பு வண்டி, மேட்டில் ஒரு கொட்டகைக்குள் வடத்தைச் சுருட்டி இழுக்கும் வின்ச், வின்ச்சுக்கும் வண்டிக்கும் நடுவில் கிரீஸ் பூசிய இரும்பு வடம். கப்பல் உலர்துறை மாதிரி தண்ணீரை இறைத்து வெளியேற்றும் பெரிய வேலை எதுவும் இல்லை. வண்டியைத் தண்ணீருக்குள் இறக்கு, கப்பலை அதன்மேல் கொண்டுவந்து உட்கார வை, இழு. சொல்ல இவ்வளவுதான். நடு வரியில்தான் முழு வித்தையும் இருக்கிறது.

இன்று ஏறியது மலைட்டா பக்கம் ஆளும் சரக்கும் ஏற்றிப்போகும் ஒரு இரும்புக் கப்பல், முப்பது மீட்டர் இருக்கலாம். முந்தின நாளே சரக்கை இறக்கி, தொட்டிகளில் இருந்த தண்ணீரையும் எண்ணெயையும் முடிந்தவரை காலிசெய்து, முன்னும் பின்னும் ஒரு கணக்கான மட்டத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். பக்கவாட்டில் ஒரு விரற்கடை சாய்ந்திருந்தாலும் வண்டியில் உட்காரும்போது பிரச்சினை. வண்டியின் மேல் வரிசையாக மரக்கட்டைகள், அந்தக் கப்பலின் அடிவடிவத்துக்கு ஏற்ப உயரம் பார்த்து அடுக்கியவை. அடியில் நீளவாக்கில் ஓடும் ஏரா அந்தக் கட்டைகளின் மேல் சரியாக வந்து படிய வேண்டும். தண்ணீருக்குள் எதுவும் தெரியாது, அதனால் வண்டியின் இரு பக்கமும் நெட்டையான கம்பங்கள் நட்டிருக்கிறார்கள், அவை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். கப்பல் அவற்றுக்கு நடுவில் வந்தால் போதும்.

இங்கே கடல் ஏற்ற இறக்கம் அதிகமில்லை, பெரும்பாலான நாட்களில் ஒரு மீட்டருக்குள்தான். அதனால் ஏற்றம் உச்சிக்கு வருகிற அந்தக் கொஞ்ச நேரத்தை விட்டுவிடக் கூடாது. கப்பல் தன் இயந்திரத்தாலேயே மெல்ல நெருங்கி, பிறகு இயந்திரத்தை நிறுத்திவிட்டது. அதன்பின் எல்லாம் கயிறுதான். இரு கரையிலும் ஆட்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க, மேற்பார்வையாளர் கையை உயர்த்துவதும் தாழ்த்துவதுமாக ஒரு சாண் அப்படி, ஒரு சாண் இப்படி. சத்தமே போடவில்லை அந்த மனிதர். இரண்டு இளைஞர்கள் கண்ணாடி மட்டும் மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் முங்கி, ஏரா எங்கே நிற்கிறது என்று பார்த்து, மேலே வந்து விரலைக் காட்டினார்கள். மறுபடி முங்கினார்கள். கட்டைவிரல் உயர்ந்ததும் வின்ச் முனகத் தொடங்கியது.

வடம் இறுகியபோது அதிலிருந்து தண்ணீர் பிழிந்து சிதறியது. முதலில் ஒன்றும் நகரவில்லை, கப்பல் ஒரு முறை குலுங்கியது, முன்பகுதி வண்டியில் உட்கார்ந்துவிட்டது என்றார் பக்கத்தில் நின்ற தச்சர். பின்பகுதி இன்னும் மிதக்கிறது, இதுதான் ஆபத்தான நேரம், பாதி நிலத்திலும் பாதி நீரிலும் இருக்கும்போது கப்பல் சாய்ந்தால் கம்பங்கள் தாங்காது. கொஞ்சம் இழுத்து, நிறுத்தி, பக்கங்களில் ஆப்பு அடித்து, மறுபடி இழுத்து, இப்படியே போனது. சுக்கானும் புரொப்பல்லரும் தண்ணீரை வழியவிட்டுக்கொண்டு வெளியே வந்தபோது கரையில் வேடிக்கை பார்த்த பிள்ளைகள் கத்தினார்கள். நானும்தான்.

மேலே வந்தபின் பார்த்தால், தண்ணீர்க்கோட்டுக்குக் கீழே இருந்தது வேறு கப்பல். பாசி, கொட்டலசு என்கிற ஓட்டு உயிரிகள், சின்னச் சின்ன சிப்பிகள், ஒட்டிக்கொண்டு தொங்கும் நார், நடுவில் ஓடி ஒளியும் நண்டுகள். வெதுவெதுப்பான கடலில் இவை சீக்கிரம் படர்ந்துவிடும். ஒரு அடுக்கு ஏறினாலே கப்பல் இழுபட்டு டீசல் கூடுதலாகக் குடிக்கும், கட்டணமும் ஏறும். மீன்சந்தையும் சேறும் கலந்த வாடை. ஈரம் காய்வதற்குள் சுரண்டிவிட வேண்டும், காய்ந்தால் கொட்டலசு கல்லாகிவிடும் என்று நீண்ட கைப்பிடி போட்ட இரும்புச் சுரண்டிகளோடு ஆட்கள் இறங்கிவிட்டார்கள். மாலுமிகள் கப்பலை விட்டு இறங்கவில்லை. ஏணி வைத்து, கரையில் நிற்கிற கப்பலிலேயே சமைத்துச் சாப்பிட்டு அங்கேயே தூங்குகிறார்கள்.

வெள்ளி

காலை முழுக்க சுத்தியல் ஓசை. கூர்மூக்குள்ள சின்ன சுத்தியலால் ஒருவர் தகடு முழுவதையும் தட்டிக்கொண்டே போகிறார். நல்ல தகடு கணீர் என்கிறது, துரு தின்ற தகடு மந்தமாக ஒலிக்கிறது, அந்த இடத்தில் சுண்ணக்கட்டியால் வட்டம். சந்தேகம் வந்த இடங்களில் மீயொலிக் கருவியை வைத்துத் தடிமன் பார்த்தார்கள். ஆனால் கருவி சொல்வதற்கு முன்பே அவர் காது சொல்லிவிட்டது என்பதை நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். வட்டமிட்ட பகுதிகளை வெட்டியெடுத்து, அதே அளவுக்குப் புதுத் தகடு வளைத்து, உள்ளும் புறமும் வெல்டிங். இந்த நாட்டில் இரும்பாலை கிடையாது, தகடு, வெல்டிங் குச்சி, பெயின்ட் எல்லாம் கப்பலேறி வருகிறது, அதனால் வெட்டிய பழைய துண்டில்கூட நல்ல பாகத்தைத் தூக்கி எறிவதில்லை. ஒரு மூலையில் அவற்றை வரிசையாகச் சாய்த்து வைத்திருக்கிறார்கள், அடைப்புத் தகடுகளுக்கு ஆகும்.

சுக்கான் பக்கத்தில் துத்தநாகக் கட்டிகள் கரைந்து எலும்பாக நின்றன. கடல்நீரில் வெண்கலப் புரொப்பல்லரும் இரும்பு உடலும் சேர்ந்திருந்தால் இரும்பு அரிக்கும், பக்கத்தில் துத்தநாகம் இருந்தால் அது முதலில் கரைந்துபோய் இரும்பைக் காப்பாற்றும். பழைய கட்டிகளைத் தட்டியெடுத்துப் புதியவற்றைப் பொருத்தினார்கள். புரொப்பல்லர் தண்டு கப்பலிலிருந்து வெளியே வரும் இடத்தில் எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்பதை ஒரு மெல்லிய தகட்டைச் செருகிப் பார்த்தார்கள். அங்கே தேய்மானம் அதிகமென்றால் நடுக்கடலில் தண்ணீர் உள்ளே வரும்.

தளத்தின் கடைசியில் ஒரு மரப்படகு. எனக்கு முழு நாளும் இதற்கே போதாது. பக்கப்பலகை ஒன்று உளுத்துப்போய், புதுப் பலகை இழைத்துக்கொண்டிருந்தார் நேற்றுப் பேசிய தச்சர். இங்கே படகுக்கு குவிலா, வைட்டெக்ஸ் மரங்களைத்தான் பெரிதும் நம்புகிறார்கள், இரண்டும் கடலைத் தாங்கும் உறுதியான மரங்கள். பலகைகளின் இடுக்கில் பஞ்சுத்திரியை வைத்து உளியால் இறுக்கி, மேலே மெழுகு பூசிக் கலப்பத்து அடித்தார். அதிகம் இறுக்கினால் பலகை விலகிவிடும், குறைவாக இறுக்கினால் ஒழுகும், மரம் தண்ணீரில் ஊறி உப்பும் அளவையும் மனதில் வைத்து அடிக்க வேண்டும். வெற்றிலைப் பாக்கு மென்றுகொண்டே பேசினார், எனக்கும் ஒரு பாக்கு கொடுத்தார், சுண்ணாம்பைத் தனியாக ஒரு சிமிழில் வைத்திருக்கிறார். தகப்பனாரும் கப்பல் தச்சராம். மகன் ஹொனியாராவில் அலுவலக வேலை தேடுகிறானாம். “இரும்புக்கு ஆள் கிடைக்கிறார்கள், மரத்துக்கு வருவதில்லை” என்றார். மரப்படகுகள் குறைந்துவருவதும் ஒரு காரணம், கிராமங்களுக்கெல்லாம் ஃபைபர் படகு வந்துவிட்டது.

சனி

பாதி நாள்தான் வேலை. மதியம் துறைமுகத்தைச் சுற்றிப் படகில் போனேன்.

எல்லோரும் இங்கே சொல்வது மூழ்கிய கப்பல்களைத்தான். 1943 ஏப்ரல் 7ல் நடந்த ஜப்பானிய வான்தாக்குதலில் நியூசிலாந்தின் மோவா இந்தத் துறைமுகத்திலேயே மூழ்கியது, அமெரிக்காவின் ஆரோன் வார்டு வெளியே மூழ்கியது. முங்குகிறவர்கள் அவற்றுக்காக வருகிறார்கள், வரட்டும், அங்கே இறந்தவர்களை நினைப்பது சரியானதே. ஆனால் துலாகியின் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது மூழ்காத ஒரு கப்பலுடையது.

1942 நவம்பர் 30 இரவு, எதிர்க்கரையில் டாசஃபரோங்கா முனைக்கு அப்பால் நடந்த சண்டையில் நியூ ஆர்லியன்ஸ் என்ற அமெரிக்கக் கனரகப் போர்க்கப்பலை ஜப்பானிய டார்ப்பிடோ தாக்கியது. முன்பக்க வெடிமருந்து அறை வெடித்து, கிட்டத்தட்ட 45 மீட்டர் நீளத்துக்கு அணியம், அதாவது முன்பகுதி, முழுவதும், முதல் பீரங்கிக் கோபுரத்தோடு சேர்ந்து, பிய்த்துக்கொண்டு போனது. 180க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மிச்சமிருந்த கப்பல் மெல்ல நகர்ந்து விடியற்காலை துலாகிக்கு வந்து சேர்ந்தது. அதே இரவில் அணியம் சிதைந்த மின்னியாபொலிஸும் வந்தது.

இங்கே அப்போது அவ்வளவு பெரிய கப்பலை ஏற்றும் துறை எதுவும் கிடையாது. எதிரி விமானங்கள் கண்ணில் படாமலிருக்க கரையோரமாக நிறுத்தி, மரக்கிளையும் வலையும் போட்டு மூடிவிட்டு, கரையில் இருந்த தென்னைகளை வெட்டினார்கள். அந்தத் தென்னந்தடிகளை அடுக்கிக் கட்டி, உடைந்த முகத்துக்கு ஒரு தற்காலிக அணியம் செய்தார்கள். பீரங்கிக் கப்பலுக்குத் தென்னைமரத்தில் முகம்! அந்த முகத்தோடு கடல் கடந்து டிசம்பர் 24 அன்று சிட்னி போய்ச் சேர்ந்தது நியூ ஆர்லியன்ஸ். அங்கே காக்கட்டூ தீவுக் கப்பல்துறையில் அடுத்த கட்டப் பழுது, பின்னர் அமெரிக்காவில் முழு அணியம் பொருத்தி மறுபடி போருக்கு வந்தது. பிய்ந்துபோன பழைய அணியத்தை 2025 ஜூலையில்தான் ஆய்வுக்கப்பல் ஒன்று இந்தக் கடலில் சுமார் 675 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்தது.

நான் நடந்துபோகிற சசாபே கரையும் அந்தக் காலத்தில் சும்மா இருக்கவில்லை. 1942 அக்டோபரிலிருந்து டார்ப்பிடோ படகுகள் இங்கே தளம் போட்டன, அடுத்த ஏப்ரலில் துலாகிக்கு வந்துதான் பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜான் கென்னடி பிடி-109 படகின் பொறுப்பை ஏற்றார். பலகையில் செய்த படகுகள் அவை, பவளப்பாறையில் உரசிக்கொண்டு, புரொப்பல்லர் வளைந்து வரும், கரையில் பார்த்து அனுப்ப வேண்டும். இதைக் கேட்டபோது வெள்ளிக்கிழமை பார்த்த தச்சரின் உளிதான் நினைவுக்கு வந்தது. கென்னடி பெயரைச் சொல்லாத சுற்றுலாத் தாள் இல்லை. அந்தப் படகுகளைத் திரும்பத் திரும்ப ஓடவைத்த கைகள் யாருடையவை என்று ஒரு வரி எங்காவது எழுதி மாட்டினால் நன்றாயிருக்கும்.

ஞாயிறு

தளம் பூட்டிக் கிடக்கிறது. இங்கேலா தீவுகள் பெரும்பாலும் ஆங்கிலிக்கன், ஊர் முழுக்க தேவாலயத்தில். வெளியே நின்று பாட்டைக் கேட்டேன், மூன்று நான்கு குரல் அடுக்குகளில் பாடுகிறார்கள், வாத்தியம் எதுவும் இல்லை.

மதியம் விடுதித் திண்ணையில் ஒரு பெரியவரோடு பேச்சு. 2019ல் ஒரு சீன நிறுவனத்துக்கு துலாகியை நீண்டகாலக் குத்தகைக்குத் தரும் உடன்படிக்கையில் மாகாண நிர்வாகம் கையெழுத்திட்ட செய்தி உலகம் முழுக்க வந்தது, ஊர் மக்கள் எதிர்த்தார்கள், தலைமை வழக்கறிஞர் அது சட்டப்படி செல்லாது என்று சொல்லிவிட்டார். பெரியவருக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. யாரும் எங்களிடம் கேட்கவில்லை என்றார். இந்த ஆழமான துறைமுகத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும், உட்ஃபோர்டில் தொடங்கி, ஆசைப்பட்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் துறைமுகத்தில் எது வந்தாலும் சசாபே மாதிரி ஒரு இடத்துக்கு முதலில் நல்ல வின்ச்சும், இளைஞர்களுக்குப் பயிற்சியும் வரவேண்டும்.

திங்கள்

மலைட்டாக் கப்பலுக்கு இன்னும் வேலை இருக்கிறது, அது இறங்குவதை நான் பார்க்கப்போவதில்லை. ஆனால் பக்கத்துத் தண்டவாளத்தில் நான் வந்த அன்றே நின்றுகொண்டிருந்த தட்டையடிப் படகு இன்று இறங்கியது. முகப்பைத் திறந்து நேராகக் கடற்கரையிலேயே லாரியை இறக்கும் வகை, துறை இல்லாத தீவுகளுக்கு இதுதான் கதி. அடியில் பாசி பிடிக்காத செம்பு கலந்த சிவப்புப் பெயின்ட் பளபளவென்று இருந்தது, கட்டைகள் தாங்கியிருந்த இடங்களில் மட்டும் கடைசி நேரத்தில் பூசினார்கள்.

இறக்குவது சுலபம் என்று நினைப்போம். தண்ணீர் உடலில் பாதி ஏறியதும் வின்ச்சை நிறுத்திவிட்டார்கள். கடல்நீர் வால்வு ஒவ்வொன்றையும், புதுவெல்டிங் ஒவ்வொன்றையும் உள்ளே இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தார்கள். ஓரிடத்தில் ஈரம் தெரிந்தது, துடைத்துவிட்டுக் காத்திருந்து மறுபடி பார்த்தார்கள், மறுபடி வரவில்லை. அதன்பிறகுதான் முழுக்க விட்டார்கள். மிதந்ததும் இயந்திரம் இருமிக்கொண்டு உயிர்த்தது, கருப்புப் புகை ஒரு வளையம்.

வர விரும்புகிறவர்களுக்கு: வார நாட்களில் வாருங்கள், சனி மதியத்துக்குமேல் பார்க்க எதுவும் இருக்காது. அலுவலகத்தில் கேட்டுவிட்டு உள்ளே போங்கள், என்றைக்குக் கப்பல் ஏறுகிறது என்று முன்கூட்டியே விசாரித்து அந்த நாளை ஒட்டித் தங்குங்கள். வெல்டிங் நடக்கும் பக்கம் வெறும் கண்ணால் பார்க்காதீர்கள். வேலை செய்கிறவர்களைப் படமெடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள், கிளம்பும்போது ‘தாகியோ துமாஸ்’ சொல்லுங்கள், இங்கத்திய பிஜின் மொழியில் மிக்க நன்றி என்று பொருள். ஹொனியாராவுக்குத் திரும்பும் படகு காலையில்தான் சரி.

நான் பையைத் தூக்கிக்கொண்டு துறைக்கு வந்தபோது அடுத்த கப்பல் வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருந்தது. மேற்பார்வையாளர் அதன் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, காலியான வண்டியின் மேல் ஏறி நின்று, கட்டைகளை எந்த உயரத்துக்கு மாற்றி அடுக்க வேண்டும் என்று சொல்லத் தொடங்கியிருந்தார்.